வாட்டம் பாத்துப் பாயற தண்ணி

வா கண்ணு. கட்டில்ல உக்காரு. போனை அப்படி விட்டெறியாதே, அது என்ன பாவம் பண்ணுச்சு? மாசத் தவணை இன்னும் முடிஞ்சிருக்காது.

என்னவாம்? ஆபீசுல உன்ற பக்கத்துச் சீட்டுப் பையன், பெரிய படிப்பெல்லாம் படிச்சவன், ராகுகாலம் முடியட்டும்னு கம்ப்யூட்டரைத் தொறக்காம உக்காந்திருந்தானா? அதுக்கா இம்புட்டுக் கோவம்? "அப்பிச்சி, இந்த ஒலகமே கிறுக்குப் புடிச்சுக் கெடக்குது, ஒரு பக்கம் மூடத்தனம், ஒரு பக்கம் அநியாயம், இந்தச் சனத்தைத் திருத்தவே முடியாது"ன்னு பொரியறே. பொரி சாமி, நல்லாப் பொரி. நான் வெத்தலை மடிச்சுக்கறேன். கோவக்காரன் பேசறப்ப வாயில எதையாவது போட்டு அடைச்சுக்கோணும். இல்லைன்னா நடுவுல சிரிப்பு வந்துரும்.

முடிச்சுட்டியா? இப்ப ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். போன தை மாசம் புதுக் காரு எடுத்தியே, நாலு டயருக்கு அடியில நாலு எலுமிச்சம்பழம் வெச்சு நசுக்கினது யாரு?

"அது அம்மாவுக்காக அப்பிச்சி."

ஆமாமா. நானும் எழுபத்தெட்டு வருசமாப் பாக்கறேன், தனக்குன்னு மூடநம்பிக்கை வெச்சிருக்கறவன் ஒருத்தனையும் காணோம். எல்லாம் அம்மாவுக்காக, பொண்டாட்டிக்காக, ஊரு வாய்க்காக. இன்னைக்கும் வண்டிக் கண்ணாடிக்குப் பின்னால ஒரு பழம் உருண்டுட்டுத்தான் கெடக்குது. அங்க வந்து நின்னப்பவே பாத்துட்டேன். சரி விடு. அந்தப் பழத்துக்குப் பொறவு வர்றேன்.

2019 டிசம்பர் 26 ஞாபகம் இருக்குதா? நெலா குறுக்கால வந்து, சூரியன் நெருப்பு வளையலாட்டம் தெரிஞ்சுதே. ஈரோடு, கோயம்புத்தூர், திண்டுக்கல்னு நம்ம பக்கமெல்லாம் அந்த வளையம் விழுகற பாதையில இருந்துச்சு. ஒரு மனுசன் ஆயுசுல, நின்ன எடத்துல நின்னு அதைப் பாக்கக் குடுத்து வெச்சிருக்கோணும். நம்ம சனம் என்ன பண்ணுச்சு? தாம்பாளத்துல மஞ்சத்தண்ணி ஊத்தி, நடுவுல உலக்கையை நிறுத்தி, அதைச் சுத்தி நின்னு கன்னத்துல போட்டுக்கிச்சு. கெரகணம் இருக்கற வரைக்கும்தான் உலக்கை நிக்குமாம். மேல அத்தனை பெரிய கூத்து நடக்குது, ஊரே குனிஞ்சு உலக்கையைப் பாக்குது.

எனக்கு அப்ப உன்னாட்டமே கோவம். அடுத்த செவ்வாக்கெழமை அதே தாம்பாளம், அதே உலக்கை, வாசல்ல நிறுத்தினேன். நின்னுச்சு. பூண் போட்ட அடி சமமா இருந்தா உலக்கை நிக்காம வேற என்ன பண்ணும்? "இங்க வந்து பாரு"ன்னு உங்க அமுச்சியைக் கூப்புட்டேன். அவ வந்து பாத்தா. நெஞ்சுல கையை வெச்சுக்கிட்டு என்ன சொன்னா தெரியுமா?

"ஐயையோ, இன்னைக்கும் கெரகணமா?"

அன்னைக்கோட விட்டேன், நிரூபிக்கற சோலியை.

நீ பொறக்கறதுக்கு முன்னால, 1995 செப்டம்பர் 21, ஒரே நாள்ல பிள்ளையாரு பால் குடிச்சாரு. டெல்லியில குடிச்சாரு, லண்டன்ல குடிச்சாரு. கவருமென்ட்டு விஞ்ஞானிங்க பால்ல சாயத்தைக் கலந்து ஊட்டிப் பாத்தாங்க. பால் வவுத்துக்குள்ள போகலை, கல்லு மேலயே மெலிசாப் படர்ந்து கீழ வழிஞ்சுது. பரப்பு இழுவிசையாம். அது அவுங்க கண்டுபிடிச்சது. நான் கண்டுபிடிச்சது வேற. அன்னைக்கு டவுன்ல பால் வெலை எங்கியோ போச்சு. வெடியால நாலு மணிக்கு எந்திரிச்சு, எருமைகிட்ட ஒதை வாங்கிக் கறந்து ஊத்தின எனக்குச் சொசைட்டியில அதே பழைய வெலைதான். பிள்ளையாரு குடிச்சாரோ இல்லையோ, நடுவுல ஒருத்தன் நல்லாக் குடிச்சுட்டான்.

அதனாலதான் சொல்றேன். மூடநம்பிக்கைக்குக் கண்ணு இல்லைன்னு நீ பேசறது தப்பு. தண்ணிக்குக் கண்ணா இருக்குது? ஆனா வாய்க்காலைத் தொறந்து உட்டா மேட்டுக்கு ஏறுதா பாரு. தவறிக்கூட ஏறாது. வாட்டம் பாத்துப் பள்ளத்துக்குத்தான் பாயும். இதும் அதே சாதி.

உன்ற ஆபீசுப் பையனோட ராகுகாலத்தையே எடுத்துக்க. நம்மூரு வட்டிக்காரரு இருக்கறாரு பாரு, ராகுகாலத்துல கடன் குடுக்கவே மாட்டாரு, அம்புட்டு ஆசாரம். ஆனா வட்டியைக் கொண்டுட்டுப் போ. திங்கக்கெழமை எட்டு மணிக்குப் போ, எமகண்டத்துல போ, அமாவாசை நடுச்சாமத்துல போய்க் கதவைத் தட்டு. "வா சாமி, உள்ள வா"ம்பாரு. பணம் போற வழியில ராகு குறுக்கால நிக்கறான், வர்ற வழியில அவரு திண்ணையில கால் மேல கால் போட்டு உக்காந்துக்கறான்.

செவ்வா தோசம்னு போன மாசம் ஒரு புள்ளைக்கு வந்த சம்பந்தம் கலைஞ்சுதே, அதுல என்ன நடந்துச்சுன்னு உனக்குத் தெரியாது. நான் பந்தல்ல உக்காந்திருந்தேன். முப்பது பவுன்னு பேசறப்ப தோசம் கடுமையா இருந்துச்சு. அம்பதுன்னு ஏறினப்ப ஜோசியரு கண்ணாடியைத் தொடச்சுப் போட்டுக்கிட்டு, "பரிகாரம் பண்ணினா ஆகும்"னாரு. புள்ளையோட அப்பன் நாப்பதுக்கு மேல முடியாதுன்னுட்டான். செவ்வா மறுபடியும் உக்கிரமாயிருச்சு. இத்தனைக்கும் பாரு, 2014லேயே நம்மாளுங்க மங்கள்யானைக் கொண்டு போய் அந்தச் செவ்வாயைச் சுத்த உட்டாச்சு. அதுல எத்தனை எந்திரம் வெச்சு என்ன, பவுனை எடை போடற தராசு ஒண்ணு வெச்சு அனுப்பாம உட்டுட்டாங்க.

சிரிக்கறே. சரி, சிரிக்க முடியாத கதைக்கு வர்றேன்.

புதுக்கோட்டைப் பக்கம் வேங்கைவயல், 2022 டிசம்பர். தாழ்த்தப்பட்ட சனம் தண்ணி குடிக்கற மேல்நிலைத் தொட்டியில மலம் கெடந்துச்சு. கொழந்தைகளுக்கு மேலுக்கு முடியாமப் போன பொறவுதான் வெளிய தெரிஞ்சுது. போட்டது யாருங்கறதைக் கோர்ட்டு பாத்துக்கட்டும், நான் சொல்ல வந்தது வேற. கலெக்டரம்மா விசாரிக்க வந்தாங்க. டீக்கடையில ரெட்டைக் கிளாஸ், கோயிலுக்குள்ள அந்தச் சனத்தை விடறதில்லைன்னு தெரிஞ்சுது. உடனே அவுங்களைக் கையோட கூட்டிக்கிட்டுக் கோயிலுக்குள்ள போனாங்க. அப்பப் பாத்து ஒரு அம்மாவுக்குச் சாமி வந்துருச்சு. இன்னார் உள்ள வரப்புடாதுன்னு ஆட்டம். தொட்டியில மலம் விழுந்தப்ப வராத சாமி, மனுசன் படியேறினப்ப ஓடி வந்துருச்சு. அருள் வந்து நெனவு தப்பின நெலையிலயும் எவன் எந்தத் தெருங்கற கணக்கு மட்டும் தப்பலை பாரு.

நம்மூரு மட்டும் என்ன யோக்கியம்? "நம்ம டீக்கடையில எல்லாருக்கும் ஒரே கிளாஸ் அப்பிச்சி"ன்னு பெருமையாச் சொன்னியே. அது பேப்பர் கப்பு வந்ததால சாமி. தீண்டாமை ஒழிஞ்சுதுன்னு அரசியல் சட்டத்துல 17ன்னு நம்பர் போட்டு எழுதி எத்தனையோ வருசமாச்சு. அது வந்து சேராத கடைக்குப் பேப்பர் கப்பு வந்து சேந்துருச்சு. குடிச்சுட்டுத் தூக்கிப் போட்டுர்றதால யாரு வாய் வெச்சதை யாரு கழுவறதுங்கற கேள்வியே இல்லை. கடைக்காரரு மனசு அப்படியேதான் இருக்குது, கிளாஸ்தான் மாறியிருக்குது.

உன்ற கையில இருக்கற போனுக்கும் இந்த வாட்டம் தெரியும். எங்க காலத்துல போஸ்ட் கார்டு வரும். இன்ன சாமி பேரை இத்தனை பேருக்கு எழுதிப் போடு, போட்டவனுக்குப் புதையல், கிழிச்சவன் ரத்தம் கக்கிச் செத்தான்னு. எழுதறவனுக்குக் கையாவது வலிச்சுது. உங்களுக்கு அந்தத் தொந்தரவும் இல்லை. 2018 மே மாசம், புள்ளை புடிக்கறவங்க வந்திருக்கறாங்கன்னு போன்ல ஒரு புரளி. மெட்ராசுல இருந்து குலதெய்வக் கோயிலுக்குன்னு போளூர்ப் பக்கம் கார்ல வந்த ஒரு குடும்பம், வழியில நின்ன கொழந்தைகளுக்குச் சாக்லேட்டு குடுத்துச்சு. அறுபத்தஞ்சு வயசு அம்மா ஒருத்தியை அடிச்சே கொன்னுட்டாங்க கண்ணு. சாக்லேட்டு குடுத்ததுக்கு. அதே காரு மினிஸ்டரு காரா இருந்தா அந்தச் சாக்லேட்டை வாங்கிப் பூசையறையில வெச்சிருப்பாங்க. கேக்க ஆளில்லாத வெளியூர்க்காரி, அதனால அவதான் புள்ளை புடிக்கறவ. இதாட்டம் நாட்டுல பல எடத்துல உசுரு போன பொறவு, ஒரு சேதியை ஒரே நேரத்துல அஞ்சு பேருக்கோ குரூப்புக்கோ மேல தள்ளி உட முடியாதுன்னு வாட்சப்புக்காரன் கட்டுப்பாடு போட்டான். அஞ்சு போதாதா? அந்தம்மாவை அடிக்க மொதக் கையை ஓங்கினவன் ஒருத்தன்தானே.

படிக்காத சனம்தான் இப்படின்னு சொல்ல வாயெடுக்கறே. எடுக்காதே. பெருந்துறைப் பக்கம் ஈமுக் கோழி வந்துச்சே. கம்பெனிக்காரன் குஞ்சு குடுப்பான், தீனி குடுப்பான், வளக்கறதுக்கு மாசாமாசம் பணமும் குடுப்பான்னு வாத்தியாரு, பேங்க்குல ரிட்டையர் ஆனவரு, வெவசாயின்னு வரிசையில நின்னு கட்டினாங்க. அந்தக் கறியைத் திங்கறது யாரு, எந்தச் சந்தையில விக்குதுன்னு ஒருத்தரும் கேக்கலை. 2012ல எல்லாம் கவுந்துச்சு. பறக்கத் தெரியாத பறவையைக் காட்டிப்போட்டுப் பணத்தோட பறந்துட்டான். மாப்பிள்ளை எத்தனை போட்டாருன்னு நான் கேட்டேன்னு உங்கப்பாகிட்டச் சொல்லிப்போடாதே. ஒண்ணு கவனிச்சுக்க. காசிருக்கறவன் நம்பினா அதுக்குப் பேரு "ஏமாந்துட்டாரு பாவம்". விசாரிக்கறதுக்குக் கோயம்புத்தூர்ல தனி கோர்ட்டே இருக்குது. கூலிக்காரி குறிகாரன்கிட்ட நூறு ரூவா குடுத்தா அதுக்குப் பேரு மூடநம்பிக்கை. அதுக்குக் கோர்ட்டு கெடையாது, உன்ற கேலிதான்.

"சட்டம் வேணும் அப்பிச்சி"ங்கறே. இருக்குதே. நீதானே போன்ல காட்டினே. அறிவியல் மனப்பான்மையை வளத்துக்கோணும்னு 1976ல அரசியல் சட்டத்துல சேத்தாங்களே, குடிமகனோட கடமைன்னு. அங்கதான் தப்புப் பண்ணிப்போட்டாங்க. கடமைன்னு எழுதினா நம்ம சனத்துக்குக் காதுல விழுமா? பரிகாரம்னு எழுதியிருந்தா குடும்பத்தோட வந்து பண்ணியிருப்பாங்க.

மராட்டியத்துல நரேந்திர தபோல்கர்னு ஒரு டாக்டரு. மாந்திரீகம், நரபலின்னு சனத்தைச் சூறையாடறதுக்கு எதிரா ஒரு சட்டம் போடுங்கன்னு வருசக்கணக்காக் கேட்டாரு. 2013 ஆகஸ்ட் 20 வெடியால, பூனாவுல நடக்கப் போனவரைச் சுட்டுக் கொன்னாங்க. அவரு போய்ச் சேந்து ஒரு வாரம் ஆகறதுக்குள்ள அவசரச் சட்டம் வந்துருச்சு. நரபலியைத் தடுக்கற சட்டத்துக்கே ஒரு பலி வேண்டியிருந்துச்சு பாத்தியா.

இரு, எந்திரிக்காதே. ஊரைப் பத்திப் பேசினது போதும். என்றதைச் சொல்றேன்.

நம்ம பொள்ளாச்சிப் பக்கம் கோதவாடியில பொறந்தவரு மயில்சாமி அண்ணாதுரை. 2008ல நெலாவுக்குப் போன சந்திரயானுக்கு அவருதான் திட்ட இயக்குநர். அங்க தண்ணி இருக்கற தடயம் தெரியுதுன்னு அடுத்த வருசம் சொன்னாங்க. பேப்பர்ல படிச்சுட்டு டீக்கடையில ஒருத்தன் என்னைப் பாத்துக் கேட்டான்: "ஏனுங், அவரும் தேங்காயை வெச்சுத்தான் பாத்திருப்பாருங்களா?"

ஊரே சிரிச்சுது. ஏன்னா இந்தச் சுத்துவட்டாரத்துல நாப்பது வருசம் தேங்காய் வெச்சு நீரோட்டம் பாத்தவன் உன்ற அப்பிச்சிதான்.

குடுமித் தேங்காயை உள்ளங்கையில படுக்க வெச்சுக்கிட்டு காட்டுக்குள்ள நடப்பேன். தண்ணி இருக்கற எடம் வந்தா தேங்காய் தானா எந்திரிச்சு நிக்கும். வெறுங்காலோட வரோணும், பேசப்புடாதுன்னு நூறு சாங்கியம். எறநூறு ரூவா, ஒரு வேட்டி, ஒரு சேவல். மொதப் பத்து வருசம் நானே நம்பினேன் கண்ணு. கையை நான் சாய்க்கறேங்கறதே எனக்குத் தெரியாது. இங்க இருக்கும்னு மனசு நெனைக்குது, வெரலு லேசா மடங்குது, காய் எந்திரிச்சுக்குது. அம்புட்டுத்தான். அப்பறம் வெவரம் புரிஞ்ச பொறவு, முந்தின நாளே டீக்கடையில உக்காந்து, பக்கத்துத் தோட்டத்துக் கெணத்துல எத்தனை அடியில தண்ணி நிக்குது, போரு எந்தப் பக்கம் ஊறுதுன்னு விசாரிச்சுக்குவேன். ஓடைப் பள்ளம், புத்து, மரத்தோட பசப்பு, பாறை ஓட்டம், எல்லாம் கண்ணால பாத்து வெச்சுக்குவேன். பாத்தது கண்ணு, பேரு வாங்கினது தேங்காய்.

2003, கடும் வறட்சி. ஒரு தோட்டத்துல எடம் காட்டினேன். திருச்செங்கோட்டு ரிக் வண்டி வந்து ராத்திரி பூராவும் ஓடுச்சு. நானூறு அடி, புழுதி. அஞ்சூறு, புழுதி. அறுநூத்தம்பது அடியிலயும் வெறும் புழுதி. அடிக்கு இத்தனைன்னு கடன் வாங்கி உட்ட பணம். தோட்டக்காரரு என்ற மூஞ்சியைப் பாத்தாரு. அவரு தம்பி பாத்தான். ரிக்குக்காரன் பாத்தான். எனக்கு நாக்கு ஒட்டிக்கிச்சு. அப்பத்தான் அந்த வார்த்தை வாயில வந்துச்சு:

"வெடியால நாம கெளம்பறப்ப எதுக்கால யாரு வந்தா?"

வந்தது கீழ்த்தோட்டத்துக்காரி. புருசன் செத்து ஒரு வருசம். தலையில புல்லுக்கட்டு, இடுப்புல கொழந்தை. வேலைக்குப் போனவ. தோட்டக்காரரும்தான் எதுக்கால வந்தாரு, ரிக்குக்காரனும்தான் வந்தான், கருப்பு நாய் ஒண்ணும் வந்துச்சு. என்ற வாயில வந்தது அவ ஒருத்திதான். ஏன்? திருப்பிக் கேக்க அவளுக்கு நாதியில்லை. தண்ணி எங்கிருக்குதுன்னு தெரியாத கைக்கு, பள்ளம் எங்கிருக்குதுன்னு அம்புட்டுச் சுளுவாத் தெரிஞ்சுது.

எறநூறு ரூவாயை நான் திருப்பித் தரலை. அந்தக் கடனை அவதான் கட்டினா. இருவது வருசத்துக்கு மேல கட்டிட்டு இருக்கறா. ஊருல யாரு நல்ல காரியத்துக்குக் கெளம்பினாலும் வேலிக்கு அக்கட்டால ஒதுங்கி நின்னுக்கறா. அவ மகன் கல்யாணத்துக்கே மணவறைப் பக்கம் வரலை, சமையல்கட்டுல நின்னுக்கிட்டா.

தேங்காயைக் கீழ வெச்ச அன்னைக்கு, கோயில் திண்ணையில நின்னு ஊரு கேக்கச் சொன்னேன். "அது பொய்யப்பா, என்ற வாய்ல வந்த பொய்"னு. என்ன சொன்னாங்க தெரியுமா? "அப்பிச்சிக்கு வயசாயிப் போச்சு, பாவம், புத்தி தடுமாறுது." நான் சொன்ன பொய்யை அரை நிமிசத்துல நம்பின ஊரு, நெசத்தை இன்னும் நம்பலை. அவகிட்டயும் போய்ச் சொன்னேன். அவ ஒரு சொம்பு தண்ணி குடுத்துட்டு, "நீங்க நல்ல மனசுல சொல்றீங், ஆனா என்ற ராசி எனக்குத் தெரியாதுங்களா"ன்னா. அதுதான் கண்ணு என்னைத் தூங்க விடறதில்லை.

அதனால நீ எவனையும் திருத்தறேன்னு கெளம்பாதே. எவனாச்சும் ஒரு நம்பிக்கையைச் சொன்னா, "இதுல யாருக்கு வரவு, யாருக்குச் செலவு"ன்னு மட்டும் கேளு. செலவுக்காரி யாருன்னு தெரிஞ்சா அவ பக்கத்துல போய் நில்லு. ஊரு பாக்கற மாதிரி நில்லு. என்ற வாய்ப்பேச்சுல ஆகாதது அதுல ஆகுமான்னு பாக்கலாம்.

நாளைக்குத் திங்கக்கெழமை. ஆபீசுக்கு மத்தியானத்துக்கு மேல போனாப் போதும்னியே. கீழ்த்தோட்டத்துக்காரிக்குக் கண்ணுல பொரை வந்திருக்குது, தாராபுரத்துப் பெரிய ஆசுபத்திரிக்குப் போகோணும். மூணு மாசமா பஸ்சுக்குக் கெளம்பறா, எதுக்கால யாராச்சும் வந்தா அவங்க காரியம் கெட்டுருமேன்னு திரும்பிப் போயிர்றா. கொண்டு போய்க் காட்டிட்டு வா. பின் சீட்டுல ஏறிக்கறேம்பா, விடாதே. முன் சீட்டுல உக்கார வெச்சு, கோயில் வீதி வழியா, சந்தைப்பேட்டையைச் சுத்தி மெதுவாப் போ. சரியா ஏழரைக்குக் கெளம்பு.

ஆமா, ராகுகாலம்தான். தெரிஞ்சுதான் சொல்றேன்.

அப்பறம், அந்தக் கண்ணாடிக்குப் பின்னால கெடக்கற எலுமிச்சம்பழம் வாடறதுக்குள்ள எடுத்துரு. ஒரு பாட்டல்ல தண்ணியும் சக்கரையும் கொண்டு போ. தாராபுரம் போறதுக்குள்ள வெயில் ஏறிரும், அவளுக்குத் தாகமெடுக்கும். பிழிஞ்சு குடு.

உங்கம்மா கேட்டா, அப்பிச்சிதான் பரிகாரம் சொன்னாருன்னு சொல்லிக்க.